தொண்ணூற்றிரண்டு கிலோவில் என் பங்கு

பெறுநர்:
திரு. டெஸ்மண்ட் அவர்கள்,
ஆசிரியர், 'மணிக்கூண்டு' மாத இதழ்,
ஆஷ்பெக் கிராமம், டெர்பிஷயர்.
(ஏழு வீடு தள்ளி. தபால்தலை ஒட்டவில்லை, நானே வந்து கதவிடுக்கில் போடுகிறேன்.)

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கும், என் மனைவியின் தாய்மாமாவுக்கும், இருவரும் ஒருவரே என்பதால் ஒரே கடிதமாக, கீரன் ஹோல்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே உங்கள் இடுப்பு நரம்பும் மோரீன் அத்தையும் அமைதியாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

செய்தி வந்தது காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. மார்ச் ஆறு, வியாழக்கிழமை. நேற்று நீங்கள் என் ஒப்புதலுக்காகப் போட்டுவிட்டுப் போன கட்டுரைப் பிரதியில் 'அன்று பிற்பகல்' என்று இருக்கிறது. முதல் திருத்தம் அது. அந்த நேரத்தில் நான் முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில், ஒரு கிரேனின் கைமேல் உட்கார்ந்து, கம்பிவடத்தில் அறுந்த இழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் செய்தது ஒரு போலீஸ்காரம்மா. கீழே இறங்கி வாங்க சார், அப்புறம் சொல்றேன் என்றார். இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, மேலேயே சொல்லுங்கள் என்றேன். மூன்று முறை மறுத்தார், நான்காம் முறை சொன்னார். என் ஜெம்மா தான் ஓட்டுகிற நடமாடும் நூலக வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, கைப்பிரேக் போட்டு, அபாய விளக்கையும் எரியவிட்டு, அப்புறம்தான் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்திருக்கிறாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். முப்பத்துமூன்று வயது. நான் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டு, மிச்ச இழைகளை எண்ணி முடித்து, பிரேக்கையும் சோதித்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். ஆபீசில் அந்தச் சான்றிதழை ரகசியமாக இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். ஒரு பிழைகூட இல்லை. நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று ஊரே கேட்பதால் இதைத் தகவலுக்காகச் சேர்க்கிறேன்.

இனி உங்கள் கட்டுரை. 'இம்மாதச் சொல்' பகுதியில் நீங்கள் எடுத்துக்கொண்ட சொல் 'அன்பேரபிள்', தாங்க முடியாதது. முதல் பாதியில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. 'பேர்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'பெரன்' என்று இருந்தது, அதற்குச் சுமப்பது என்று அர்த்தம், தள்ளுவண்டியின் பெயரும், பிணத்தை வைத்துத் தூக்கும் பலகையின் பெயரும், பிள்ளை பிறப்பதன் பெயரும் அதே வேரிலிருந்துதான் வந்தன, ரொம்ப தூரம் போனால் இந்தியாவில் 'பாரம்' என்று சொல்கிறார்களே அதுவும் இதே குடும்பம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல விஷயம். 'இன்சஃபரபிள்' என்பது லத்தீன், அதற்குக் கீழே நின்று சுமக்க முடியாதது என்று பொருள். 'இன்டாலரபிள்' என்பதும் தூக்குகிற வேலைதான் என்கிறீர்கள். ஆக மூன்றுமே பளு தூக்கும் சொற்கள். இந்த நாட்டில் அறுநூறு வருஷமாக எரிச்சல் வந்த ஒவ்வொருவரும் தெரியாமல் என் துறைக்குள் கால் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இது பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று சொல்கிறேன். நான் பதினான்கு வருஷமாகக் கிரேன், லிஃப்ட், ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தூக்கும் கருவி எல்லாவற்றையும் சோதித்துச் சான்று கொடுப்பவன்.

என் முதல் ஆட்சேபணை, அந்தச் சொல்லே ஒட்டுப்போட்டது. சுமக்கிற வினை உள்ளூர்ச் சரக்கு, 'முடியும்' என்கிற வால் பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். கொக்கி ஒரு தரம், சங்கிலி இன்னொரு தரம். இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தால் சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இரண்டாவது ஆட்சேபணை, அதில் எண் கிடையாது. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தகடு அடித்திருக்கும். இவ்வளவு கிலோ வரைக்கும் பாதுகாப்பு, அதற்குமேல் உன் பொறுப்பு என்று. இந்தச் சொல்லில் தகடு எங்கே? எவ்வளவு எடை, எத்தனை பேர், எவ்வளவு தூரம்? ஒன்றும் சொல்லாமல் 'முடியாது' என்றால் என்ன அர்த்தம்? இந்த மூன்று வாரத்தில் ஊரில் யார் யார் அந்தச் சொல்லை எதற்குச் சொன்னார்கள் என்று நேற்று இரவு நினைவுபடுத்திக் குறித்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. பஞ்சாயத்து ஹால் எதிரில் வண்டி நிறுத்துவது, வெண்ணெய் விலை, புது பாதிரியாரின் கிடார், பக்கத்து வீட்டு ஹீட் பம்ப் போடுகிற சத்தம், மோரீன் அத்தையின் தங்கை. நாற்பது இப்படி. ஜெம்மாவுக்காகச் சொன்னது ஒன்றே ஒன்று, அது உங்கள் கட்டுரையின் கடைசி வரி. 'எங்கள் ஜெம்மாவின் மறைவு அவள் கணவனுக்கு அன்பேரபிள்.' மாமா, இதை எந்தச் சோதனையின் அடிப்படையில் எழுதினீர்கள்?

ஏனென்றால் சோதனை நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். அதைத்தான் நான் மறக்க முடியாமல் எழுதுகிறேன்.

நம் தேவாலயத்து மணி அடிக்கிறவர்கள் செத்தால் மணி அடிக்கிறவர்கள்தான் தூக்க வேண்டும், வாடகை ஆளைத் தொடவிடக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். ஜெம்மா ஐந்தாம் மணிக்காரி. நானூற்று அறுபது கிலோ மணியை ஒரு கயிற்றால் ஆட்டி நிறுத்துகிறவள், வெங்காய ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவாள். நான் மணி அடிப்பவன் இல்லை என்றாலும் புருஷன் என்கிற முறையில் ஆறாவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். தூக்குகிறவர்களே அடிக்கிறவர்கள் என்றால் வெள்ளிக்கிழமை அடக்கத்தன்று மணி யார் அடிப்பது என்று பன்னிரண்டு நாள் யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் பக்கத்து ஊர்க்காரர்களைக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அது உங்கள் நிர்வாகம், நான் தலையிடவில்லை. என் கவலை எடை. அடக்கம் ஏற்பாடு செய்கிற அமண்டா அம்மாவிடம் போய், பெட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன்.

"அதெல்லாம் குடும்பத்துக்காரங்க கேக்க மாட்டாங்க, கண்ணு."

"நான் குடும்பத்துக்காரனா கேக்கல. எஞ்சினியரா கேக்கறேன்."

அந்தம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கோப்பைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, தொண்ணூற்றிரண்டு என்றார். பெட்டியைக் கழித்தால் ஜெம்மா எவ்வளவு என்று தெரிந்துபோயிற்று. பதினோரு வருஷம் எனக்குச் சொல்லாமல் காப்பாற்றிய எண். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், மனசுக்குள்.

தொண்ணூற்றிரண்டை ஆறால் வகுத்தால் ஆளுக்குப் பதினைந்தே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதைப் போய் முடியாது என்று எந்த அகராதி சொல்லும்? சமையலறைக்கு மாவு மூட்டை தூக்குகிறோம். அதனால்தான் ஒத்திகை கேட்டேன். நூலகத்தில் கழித்துப்போட்ட பெரிய எழுத்துத் துப்பறியும் கதைகளைத் தொண்ணூற்றிரண்டு கிலோ நிறுத்து, ஒரு பலகைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தேன். முறைப்படி இருபத்தைந்து சதவிகிதம் கூட வைத்துத்தான் சோதிக்க வேண்டும், நூற்றுப் பதினைந்து வைக்கலாமா என்றதற்கு மணிக்கூண்டுத் தலைவர் கிரஹாம் என்னைப் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டேன். ஆறு பேர் தோளிலும் பிஸ்கட் அளவில் ஒவ்வொரு எடைசென்சாரை டேப் போட்டு ஒட்டினேன். யார்மேல் எவ்வளவு இறங்குகிறது என்று என் போனில் எண் ஓடும். முன்னால் கிரஹாமும் பௌலாவும், பின்னால் அந்த இரட்டைச் சகோதரர்கள், நடுவில் இடதுபக்கம் நான், வலதுபக்கம் நீங்கள். கல்லறை வாசலிலிருந்து தேவாலயக் கதவு வரை நாற்பத்தாறு அடி எடுத்து வைத்தோம். நீங்கள் முதல் அடியிலிருந்தே முனகினீர்கள். இரண்டாம் படிக்கட்டில் பெட்டியின் அடிப்பலகை பிய்த்துக்கொண்டு, தொண்ணூற்றிரண்டு கிலோ கொலைக்கதைகளும் கல்யாணத்துக்குப் பெயர் கொடுக்க வந்து நின்ற ஒரு இளஞ்ஜோடியின் காலடியில் கொட்டின. அந்தப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள், யாரோ செத்த பெட்டி என்று நினைத்து. பாதிரியார் ஓடிவந்து அவளைத் தேற்றிவிட்டு, குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் படித்து, இதை நான் எடுத்துக்கலாமா என்று கேட்டார். இதெல்லாம் நடக்கும். அடிப்பலகை என் தவறு, ஆணிக்குப் பதில் திருகாணி போட்டிருக்க வேண்டும்.

ஆனால் நான் அதற்குள் போனைப் பார்த்துவிட்டேன் மாமா. முன்னால் இருவர்மேல் இருபத்துநாலு, இருபத்திரண்டு. பின்னால் இருவர்மேல் இருபத்திரண்டரை, இருபத்திரண்டு. உங்கள் தோளில் ஒன்றரை. நீங்கள் முனகிய முனகலுக்கு ஒன்றரை கிலோ. என் தோளில் பூஜ்யம். சென்சார் கெட்டுவிட்டதோ என்று கழற்றிக் கையால் அழுத்திப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. நான் ஐந்தடி ஐந்து, கிரஹாம் ஆறடி மூன்று. நெட்டையர்கள் நான்கு மூலையிலும் நின்றால் நடுவில் நிற்கிற குட்டையனுக்குப் பெட்டி எட்டவே எட்டாது. என் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒன்பது சென்டிமீட்டர் காற்று. நாற்பத்தாறு அடியும் நான் கையை மேலே வைத்துக்கொண்டு சும்மா நடந்திருக்கிறேன்.

யார் போட்ட திட்டம் என்று கேட்டேன். எல்லோரும் புத்தகம் பொறுக்குவதில் மும்முரமாகிவிட்டார்கள். கடைசியில் கிரஹாம்தான் நிமிர்ந்தார்.

"எல்லாரும் சேர்ந்துதான் தம்பி. உனக்குத் தெரியாம இருக்கும்னு நினைச்சோம்."

"தோளுக்கு மீட்டர் ஒட்டிக்கிட்டு வருவான்னு யார் கண்டா," என்றாள் பௌலா. அவள் முகம் சிவந்து கிடந்தது, பாரத்தாலா வெட்கத்தாலா என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். திங்கட்கிழமை கட்டுரை வந்தது. அதில் 'அவள் கணவனுக்கு அன்பேரபிள்' என்று இருந்தது. இப்போது உங்களுக்கு என் கோபம் விளங்கும். நான்கு நல்ல மனுஷர்கள் என் பங்கைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டு, என்னைக் கேட்காமல், என்னால் முடியாது என்று முடிவுகட்டி, அதற்கு ஆசிரியர் ஒரு சொல்லும் தேடிப் பிடித்து வேர் முதல் வால் வரை விளக்கம் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் அன்பு என்றால் இப்படித்தான். வாயைத் திறந்து கேட்க மாட்டோம், முதுகுக்குப் பின்னால் செய்துவிடுவோம், கண்டுபிடித்தால் வானிலை பற்றிப் பேசுவோம். எனக்குக் காற்று வேண்டாம். பதினைந்து கிலோ வேண்டும். அவள் என் மனைவி. கிரஹாம் சுமக்கிற இருபத்துநாலில் என்னுடையதும் கலந்திருக்கிறது.

வழி இருக்கிறது, அதுவும் கையில் இருக்கிறது. தேக்கில் ஒன்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டை செதுக்கி, அடியில் தோள் வளைவுக்குக் குழித்து, மேலே ஜெம்மாவின் பழைய கம்பளிக் கழுத்துத்துணியைச் சுற்றித் தைத்துவிட்டேன். கோட்டுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. உங்களுக்கும் மெல்லிசாக ஒன்று, ஒரு சென்டிமீட்டரில் செய்து வைத்திருக்கிறேன், விருப்பம் இருந்தால், இனி முனகினால் அதற்கு ஒரு நியாயம் இருக்கும். வீட்டில் முப்பது கிலோ வரை வைத்துச் சோதித்தேன். படிக்கட்டில் ஏறி இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. நான் கேட்பது இரண்டே இரண்டு. வெள்ளிக்கிழமை அந்தக் கட்டையோடு என்னை நிற்கவிடும்படி கிரஹாமிடம் நீங்கள் பேச வேண்டும், நான் பேசினால் அவர் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுகிறார். அடுத்தது, கட்டுரையின் கடைசி வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடவும்: 'தொண்ணூற்றிரண்டு கிலோ, ஆறு பேர், ஆளுக்குப் பதினைந்து.' முடியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது மாமா. ஆள் போதாதது என்று உண்டு, உயரம் பொருந்தாதது என்று உண்டு. அதற்கெல்லாம் கட்டை இருக்கிறது. அந்தச் சொல்லை நம் இதழிலிருந்தே விலக்கிவைத்தால் உத்தமம். வெண்ணெய் விலைக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும்.

மற்றபடி வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் ஆம்புலன்ஸ் திரும்புவதற்குள் வாசற்படியில் ஓவன் பாத்திரம் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு, ஆள் ஓடிவிடுவதுதான் நம் தெருவின் வேகம். பதினொரு பாத்திரம் வந்திருக்கிறது. ஏழு லசானியா, மசித்த கிழங்கு மூடிச் சுட்ட ஆட்டுக்கறிப் பை மூன்று, அமண்டா அம்மாவின் மீன் பை ஒன்று. எல்லாவற்றின் பக்கவாட்டிலும் டேப் ஒட்டி வீட்டுப் பெயர். இதில் ஜெம்மா எல்லோரையும் மிஞ்சினவள், உங்களுக்கே தெரியும். யாருக்கு என்றே தெரியாமல் அடுத்த துக்க வீட்டுக்காக ஒன்று செய்து ஃப்ரீசரில் தயாராக வைத்திருப்பாள். நான் ஒருமுறை கேட்டேன், இப்படி முன்கூட்டியே செய்து வைத்தால் அபசகுனமாகத் தெரியாதா என்று. "சாவு சொல்லிக்கிட்டா வருது? கிழங்கு வேகவே முக்கால் மணி ஆகும்டா," என்றாள். எடை எழுதாமல் எதுவும் ஃப்ரீசருக்குள் போகக்கூடாது என்பது இந்த வீட்டில் என் சட்டம், அதையும் கேலி செய்துகொண்டே கடைப்பிடித்தாள். வந்த பதினொன்றையும் நிறுத்துவிட்டேன், மொத்தம் இருபத்தாறு கிலோ. பாத்திரங்களை எல்லாம் கழுவி, பெயர்வாரியாக அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று மோரீன் அத்தை மூலம் தெருவுக்குச் சொல்லவும்.

உங்கள் இடுப்பு நேராகவும், அத்தையின் ரோஜாக்கள் பூச்சி இல்லாமலும், உங்கள் இதழ் எழுத்துப்பிழை இல்லாமலும் நெடுநாள் விளங்க வேண்டும் என்று விரும்பி, பணிவோடும் சான்றிதழோடும்,

கீரன் ஹோல்ட்
செவ்வாய்க்கிழமை, பகல் மூன்றரை மணி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் மணி அடித்தது. பன்னிரண்டாவது பாத்திரம், பௌலா வீட்டு லசானியா, இரண்டே கால் கிலோ, ஆள் ஓடிவிட்டாள். ஃப்ரீசரில் இடம் இல்லை. பட்டாணிப் பைகளை நகர்த்தி இடம் பண்ணினேன். பின்னால் ஒரு பாத்திரம் இருந்தது. நீலப் பூப்போட்டது, நம் வீட்டுப் பாத்திரம். பக்கவாட்டில் டேப், ஜெம்மாவின் கையெழுத்து. 'ஆட்டுக்கறிப் பை. நாலாம் தேதி மார்ச். 1.4 கிலோ, கீரன் இன்ஸ்பெக்டர் கவனத்துக்கு. பாத்திரம் ஹோல்ட் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அவசரமில்லை.'

அடுத்த துக்க வீட்டுக்கு என்று இரண்டு நாள் முந்தி செய்து வைத்திருக்கிறாள்.

வெளியே எடுக்கலாம் என்று இரண்டு கையும் கொடுத்தேன். வரவில்லை. பனியில் ஒட்டிக்கொண்டதோ என்று விரலால் தள்ளிப் பார்த்தேன், நன்றாகவே நகர்ந்தது. ஒட்டவில்லை. மறுபடி கொடுத்தேன். வரவில்லை மாமா. ஃப்ரீசர் கதவு திறந்தே கிடக்கிறது, அது கீங் கீங் என்று கத்துகிறது, நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் கைவைக்க வேண்டாம். கடைசி வரி இருந்தபடியே போகட்டும், எண் கிண் எதுவும் சேர்க்காதீர்கள். கட்டையைப் பற்றியும் கிரஹாமிடம் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை என்னை நடுவிலேயே நிற்கவையுங்கள், பூஜ்யம் காட்டினாலும் சரி, கையை மேலே வைத்துக்கொண்டு கூடவே நடக்கவிட்டால் போதும்.

இப்போதைக்கு இதை வெளியே எடுக்க ஒரு ஆள் வேணும். சூடு பண்ண ஐம்பது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் யாராவது உட்கார்ந்திருக்கணும். அத்தையையும் கூட்டிக்கிட்டு வாங்க, வருகிற வழியில் கிரஹாம் வீட்டுக் கதவையும் தட்டுங்க, பௌலாவையும் ஓடாமல் பிடிச்சுக்கிட்டு வாங்க. முள்கரண்டி இங்கே இரண்டுதான் இருக்கு, உங்க வீட்டிலிருந்து கொண்டு வரணும். இந்தக் காகிதத்தைப் பக்கத்து வீட்டுப் பொண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் என்ன ஏது என்று கூப்பிட்டுக் கேட்காமல் நேராக வந்துவிடுங்கள், கதவு திறந்துதான் இருக்கு, போனை அணைத்துவிட்டேன்.